ராத்திரி டிராஃபிக்கை ஒரே லிங்க்ல தள்ளிட்டு மத்ததை அணைச்சா கரண்ட் மிச்சமாகுமா?

அகரா_பாக்கெட்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு கேம்பஸ் நெட்வொர்க்கைப் பாத்துக்கறேன். நாலு பில்டிங். ஒவ்வொண்ணுல இருந்தும் கோருக்கு (எல்லா பில்டிங்கையும் இணைக்கற நடு ஸ்விட்ச்) நாலு 10ஜி (செகண்டுக்கு 10 ஜிகாபிட்) ஃபைபர் போகுது, கோர் 1-க்கு ரெண்டு, கோர் 2-க்கு ரெண்டு. இந்த வருஷம் ஒவ்வொரு டீமும் கரண்ட் செலவைக் குறைச்சுக் காட்டணும்னு மேல இருந்து ஓலை வந்திருக்கு.

கிராஃபைப் பாத்தா ராத்திரி பதினொண்ணுக்கு மேல இந்த லிங்க்ல எல்லாம் அஞ்சு சதவீதம் கூட ஓடல. அப்போ டிராஃபிக் முழுசையும் ஒரு லிங்க்ல திருப்பி விட்டுட்டு மிச்சத்தை ஸ்கிரிப்ட் போட்டு ஷட் பண்ணா என்ன? ஒரு வெண்டர் ஆளு வந்து இதையே லைசென்ஸா விக்கறாரு, முப்பது சதவீதம் மிச்சம்கறாரு. எதுல முப்பதுன்னு கேட்டேன், பிபிடி அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?

நைட்ஷிப்ட்_நோக்:
ஸ்கிரிப்ட் எழுதறதுக்கு முன்னாடி ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்க ப்ரோ.

16 லிங்க். பில்டிங்குக்கு ஒண்ணே ஒண்ணு வெச்சுட்டுத் தூங்க உங்களுக்குத் தைரியம் வராது, வரவும் கூடாது. கோருக்கு ஒண்ணா ரெண்டு வெச்சுக்கணும். அணைக்க முடியறது 8 லிங்க், அதாவது ரெண்டு முனையும் சேத்து 16 மாட்யூல் (ஃபைபரைக் குத்தற லேசர் துண்டு). 10ஜி எல்ஆர் மாட்யூல் ஒண்ணு சுமார் ஒரு வாட் குடிக்கும். மொத்தம் 16 வாட். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 128 வாட்-அவர், 0.13 யூனிட். வீட்ல ஒரு பழைய சீலிங் ஃபேனை ரெண்டு மணி நேரம் முன்னாடி நிறுத்தினா இதைவிடக் கொஞ்சம் அதிகமாவே மிச்சமாகும்.

அதுலயும் போர்ட்டை ஷட் பண்ணா எல்லா பாக்ஸ்லயும் மாட்யூல் முழுசா அணையாது. லேசர் மட்டும் நிக்கும், மத்த எலெக்ட்ரானிக்ஸ் குடிச்சுட்டேதான் இருக்கும். அது பிளாட்ஃபார்முக்கு பிளாட்ஃபார்ம் மாறும், அளந்துதான் தெரியும்.

தறிகெட்ட_ஃபைபர்:
முப்பது சதவீதம் எதுலன்னா, உங்க பட்ஜெட்ல பாஸ். லைசென்ஸ் விலை.

அகரா_பாக்கெட்:
😂 சரி, மாட்யூல் ஒண்ணுமில்லன்னே வெச்சுக்குவோம். டிராஃபிக் கம்மியானா ஸ்விட்ச்சோட கரண்டும் கம்மியாகணும்ல? பேக்கெட்டே போகலன்னா சிப்புக்கு என்ன வேலை?

மல்லேஸ்வரம்_ஆய்வாளர்:
இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருபது வருட ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2003 சிக்காம் (கணினி நெட்வொர்க் ஆராய்ச்சி) மாநாட்டில் மாருதி குப்தாவும் சுரேஷ் சிங்கும் இணையத்தின் மின்செலவைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் ரவுட்டர், ஸ்விட்ச் பாகங்களைத் தூங்க வைக்கலாமே என்று தீவிரமாகப் பேசிய முதல் கட்டுரைகளில் அது ஒன்று. 2008-இல் சபாரெக் குழுவினர் உண்மையான ரவுட்டர்களில் மீட்டர் வைத்து அளந்தார்கள். சேஸிஸும் (ரவுட்டரின் கூடு) லைன் கார்டுகளும் (அதில் செருகும் போர்ட் பலகைகள்) விழித்திருப்பதற்கே பெரும்பங்கு மின்சாரம் போகிறது. அவற்றின் வழியாக எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது என்பது பில்லைப் பெரிதாக மாற்றுவதில்லை. மின்விசிறி, பவர் சப்ளை, சிப்பின் கசிவு மின்னோட்டம், நினைவகம், போர்ட்டின் செர்டெஸ் (பிட்டுகளை வரிசையாக்கி அனுப்பும் சுற்று) எல்லாம் பேக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே டிராஃபிக்கைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. அதை ஒதுக்கி வைத்து, ஒரு பாகத்தை முழுதாக அணைக்க முடிந்தால்தான் லாபம்.

போர்ட் அளவில் தானாகவே தூங்கும் ஏற்பாடு 2010-இல் வந்தது: ஐஈஈஈ 802.3ஏஇசட், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட். செம்புக் கேபிளுக்கும் பேக்பிளேனுக்கும் (பெட்டிக்குள் பலகைகளை இணைக்கும் தடம்) உரியது, உங்கள் ஃபைபருக்கு அல்ல. இதன் கணக்கு சுவையானது. 1ஜி போர்ட்டில் ஒரு முழு அளவு ஃப்ரேமை அனுப்ப சுமார் 12 மைக்ரோசெகண்ட் ஆகும். தூங்கும் போர்ட் விழிக்க 16.5 மைக்ரோசெகண்ட், தூங்கப் போக 182. ஒரே ஒரு பேக்கெட்டுக்காக எழுந்தால், வேலை நேரத்தைப் போலப் பல மடங்கு எழுவதிலும் படுப்பதிலுமே கழிந்துவிடும். 10ஜி செம்பில் விழிக்க 4.48, தூங்க 2.88, அங்கே பேக்கெட்டின் நேரமோ வெறும் 1.2. அதனால்தான் பேக்கெட்டுகளைச் சற்று நேரம் பிடித்து வைத்துக் கும்பலாக அனுப்பும் யோசனை வந்தது. தாமதம் சில பத்து மைக்ரோசெகண்ட் கூடும், தூக்கம் நீளும்.

தறிகெட்ட_ஃபைபர்:
அந்த எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை ஆன் பண்ணிட்டு ஆடிட்டோரியத்துல மைக் கொரகொரன்னு வருதுன்னு எலெக்ட்ரீஷியனைத் திட்டிட்டு இருக்காங்க நம்ம ஆபீஸ்ல. டான்டே மாதிரி ஆடியோ நெட்வொர்க் ஓடற ஸ்விட்ச்ல அதை ஆஃப் பண்ணச் சொல்லி அவங்க கைடுலயே இருக்கு. கிளாக் சிங்க் முக்கியமான எடத்துல கை வைக்காதீங்க. மத்த டெஸ்க் போர்ட்ல தாராளமா விடலாம், செலவில்லாத விஷயம்.

அகரா_பாக்கெட்:
ஆய்வாளர் சார், நன்றி. ஆனா எலாஸ்டிக்ட்ரீன்னு ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க 2010-ல போட்ட பேப்பர்ல டேட்டா சென்டர் நெட்வொர்க்ல 50 சதவீதம் வரைக்கும் மிச்சம்னு படிச்சேனே. அதுவும் டிராஃபிக்கை ஒதுக்கிட்டு அணைக்கற வேலைதானே. அவங்களால முடிஞ்சா எனக்கு ஏன் முடியாது?

சிவப்பு_அலாரம்:
ஒயிட்ஃபீல்ட் பக்கம் டேட்டா சென்டர்ல வேலை பாக்கறவன், நான் சொல்றேன்.

அவங்க அணைச்சது மாட்யூலை இல்ல, முழு ஸ்விட்ச்சை. ஃபேட்-ட்ரீ டோபாலஜில (ஸ்விட்ச்சைப் பல அடுக்கா, பல பாதையோட இணைக்கற அமைப்பு) ஒரு ரேக்ல இருந்து இன்னொரு ரேக்குக்கு எத்தனையோ பாதை இருக்கும். லோடு கம்மியா இருக்கறப்போ நடு அடுக்குல பாதி ஸ்விட்ச்சை எடுத்தாலும் எல்லாரும் எல்லாரோடயும் பேசிக்கலாம். உங்க கேம்பஸ்ல நடு அடுக்குன்னு என்ன இருக்கு? ரெண்டு கோர். ஒண்ணை அணைச்சா இன்னொண்ணு தும்மினா நாலு பில்டிங்கும் இருட்டு. கீழ இருக்கற ஆக்சஸ் ஸ்விட்ச்சை அணைச்சா அந்த ஃப்ளோருக்கு வேற வழியே கிடையாது.

இன்னொண்ணு, அந்த 50 எந்த டிராஃபிக்குக்குன்னு பாருங்க. பக்கத்து ரேக்கோட மட்டும் பேசற டிராஃபிக்னா நிறைய அணையும். எல்லாம் மேல ஏறி எறங்கற டிராஃபிக்னா அவ்வளவு அணையாது.

அதுக்காக டிராஃபிக் இன்ஜினியரிங்கே வேஸ்ட்னு முடிவு கட்டிடாதீங்க. கூகுள் பி4 பேப்பர், 2013. டேட்டா சென்டர்களை இணைக்கற அவங்க வான்ல (WAN, ஊர் விட்டு ஊர் போற நெட்வொர்க்) நிறைய லிங்க்கை கிட்டத்தட்ட 100 சதவீதம் வரைக்கும் ஓட்டினாங்க, நீண்ட கால சராசரியே 70. சாதாரண ஐஎஸ்பி என்ன செய்யும்? ரெண்டு லிங்க்கைப் பாதிப் பாதி ஓட்டும், ஒண்ணு அறுந்தா மத்தது தாங்கணும்னு. அந்தக் காலி இடத்துக்கும் ராப்பகலா கரண்ட் போகுது. எந்த டிராஃபிக் காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு பிரிச்சு, பேக்கப் காப்பி மாதிரி காத்திருக்கறதை அந்தக் காலி இடத்துல ஓட்டி, லிங்க் அறுந்தா முதல்ல அதை நிறுத்துனாங்க. இதனால லிங்க்கை அணைக்கறாங்கன்னு இல்ல. புதுசா வாங்க வேண்டிய ரவுட்டரை வாங்காம தள்ளிப் போடறாங்க. என்னைக் கேட்டா நெட்வொர்க்ல பெரிய மிச்சமே இதுதான். பாக்ஸே வாங்கலன்னா அதுக்கு வாட்டும் இல்ல, ஏசியும் இல்ல, ஏஎம்சியும் இல்ல.

அகரா_பாக்கெட்:
புரியுது. ஆனா அடுத்த வருஷம் அப்லிங்க்கை 25ஜி ஆக்கணும்னு ஏற்கனவே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) ரெடி ஆகிட்டு இருக்கு. காரணம், சாயங்காலம் ஏழு மணிக்கு லிங்க் அடைக்குது.

நைட்ஷிப்ட்_நோக்:
ஏழு மணிக்கு என்ன ஓடுது? யுஎஸ் ஷிப்ட் உள்ள வர்ற நேரமா?

அகரா_பாக்கெட்:
அது மட்டும் இல்ல. பாத்தேன். பில்டிங் 3-ல டெஸ்ட் லேப் இருக்கு, அவங்க பில்ட் இமேஜ் காப்பி ஏழு மணிக்குக் கிளம்புது. யாரோ என்னைக்கோ வெச்ச ஷெட்யூல்.

சிவப்பு_அலாரம்:
அதை நாலு மணிக்குத் தள்ளுங்க, விடியக்காலை நாலு. பெங்களூர் ஆபீஸ்களுக்கு ராத்திரின்னு தனியா ஒண்ணு கிடையாது. ஒம்பதுக்கு லைட் அணையும்னு நினைச்சு யாரோ எழுதின ஷெட்யூல் எல்லாம் யுஎஸ் ஷிப்ட் மேல போய் மோதும். உண்மையான பள்ளம் நாலுல இருந்து ஏழு வரைக்கும்தான். அந்தக் காப்பிக்கு ஒரு ரேட் லிமிட்டும் போடுங்க. அப்புறமும் 25ஜி வேணுமான்னு ஒரு மாசம் கிராஃபைப் பாருங்க. பிஓவை நிறுத்தி வைங்க.

நைட்ஷிப்ட்_நோக்:
வழிமொழிகிறேன். அணைக்கறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை, பின்னாடி படிக்கறவங்களுக்கு.

லிங்க் அணைக்கணும்னா பண்டில்ல (பல கேபிளைச் சேத்து ஒரே லிங்க்கா ஓட்டறது) இருந்து மெம்பரை எடுங்க, ஓஎஸ்பிஎஃப்ல (ரவுட்டர்கள் பாதை தேர்ந்தெடுக்கற முறை) தெரியற முழு லிங்க்கைத் தொடாதீங்க. 2010-ல ஃபிஷர், சுச்சாரா, ரெக்ஸ்ஃபோர்ட் எழுதினது இதைத்தான். பண்டில்ல ஒரு கேபிள் போனாலும் டோபாலஜி மாறாது, ரவுட்டிங் திரும்பக் கணக்கு போடாது, அகலம் மட்டும் குறையும். ஆனா நாலு மெம்பர்ல ஒண்ணை எடுத்து மூணு ஆக்காதீங்க. நிறைய பாக்ஸ்ல ஹாஷ் (எந்த டிராஃபிக் எந்த கேபிள்லன்னு முடிவு பண்ற கணக்கு) எட்டுப் பங்காத்தான் பிரிக்கும், மூணு பேருக்குப் பிரிச்சா 3, 3, 2-ன்னு விழும். நாலுல இருந்து ரெண்டுக்குப் போங்க, சமமா விழும். மினிமம் லிங்க் செட்டிங் என்னன்னு முன்னாடியே பாத்துக்கோங்க, இல்லன்னா ரெண்டாவதை எடுத்ததும் பண்டிலே விழுந்துடும்.

முழு லிங்க்கைத்தான் எடுக்கணும்னா நேரா ஷட் அடிக்காதீங்க. ரெண்டு முனையிலயும் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டை (அந்தப் பாதைக்குப் போடற விலை) உச்சமான 65535 ஆக்குங்க. டிராஃபிக் தானா வேற பாதைக்கு ஒழுகிப் போகும். கவுன்டர்ல ஹலோ (ரவுட்டர்கள் ஒண்ணையொண்ணு விசாரிக்கற பேக்கெட்) மட்டும் மிச்சம்னு தெரிஞ்சப்புறம் ஷட். ஒரு முனையில மட்டும் மாத்தினா போறது ஒரு பாதை, வர்றது இன்னொரு பாதைன்னு ஆகும். நடுவுல ஃபயர்வால் இருந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு: எந்த லிங்க்கும் எந்த லிங்க்கும் ஒரே டக்ட்ல (மண்ணுக்குள்ள போற கேபிள் குழாய்) போகுதுன்னு தெரியாம தூங்க வைக்காதீங்க. பொக்லைன் ஒரு தடவை கடிச்சா ரெண்டும் சேந்தே போகும். வேற வேற டக்ட்ல போறது ரெண்டும் முழிச்சிருக்கட்டும், ஒரே டக்ட்ல உபரியா இருக்கறது தூங்கட்டும். சாதாரண 10ஜி மாட்யூல் ஒண்ணு ரெண்டு செகண்ட்ல எழுந்துடும். தூர லிங்க்ல இருக்கற கோஹரன்ட் ஆப்டிக்ஸ் அப்படி இல்ல, நிமிஷக் கணக்காக் கூட ஆகலாம். அதனால எங்க பேக்போன்ல இந்த விளையாட்டே கிடையாது.

யூபிஎஸ்_தாத்தா:
தம்பிங்களா, முப்பது வருஷம் எலெக்ட்ரிகல் பாத்துட்டு ரிட்டையர் ஆனவன். நீங்க பேக்கெட்டையே பாக்கறீங்க, பின்னாடி இருக்கற பவர் சப்ளையை யாரும் பாக்கலையே.

ஒவ்வொரு ஸ்விட்ச்லயும் ரெண்டு பவர் சப்ளை இருக்கும். லோடைப் பாதிப் பாதி பிரிச்சுக்கும். 1100 வாட் சப்ளை ரெண்டு போட்டு 300 வாட் எடுத்தா ஒவ்வொண்ணும் 14 சதவீத லோடுல ஓடுது. 80 பிளஸ் பிளாட்டினம்னு போட்டிருந்தாலும் அந்த சர்டிஃபிகேட் 230 வோல்ட்ல 50 சதவீத லோடுக்கு 94, 20 சதவீதத்துக்கு 90. அதுக்குக் கீழ அவங்க ஒண்ணும் சத்தியம் பண்ணல. ஒண்ணை ஸ்டாண்ட்பைல வைக்கற வசதி சில மாடல்ல இருக்கு, மேனுவலைப் பாருங்க. இல்லன்னா அடுத்த தடவை வாங்கும்போது சின்ன சப்ளையா கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, உங்க ஸ்விட்ச் ரூம்ல ஏசி எத்தனை டிகிரி? போன எடமெல்லாம் 18-ல குளிருது. ஆஷ்ரே (ஏசி இன்ஜினியர்கள் சங்கம்) சிபாரிசு மெஷினுக்குள்ள போற காத்துக்கு 18-ல இருந்து 27 வரைக்கும். இந்த ஊர் ராத்திரிக் காத்து வருஷத்துல பெரும்பாலான நாள் 27-க்குக் கீழதான் இருக்கு. வெளிக் காத்தை ஃபில்டர் போட்டு இழுத்தாலே போதும், ஆனா அதைச் சொன்னா ஃபெசிலிட்டி ஆளுங்க சண்டைக்கு வருவாங்க.

அளக்கறதுக்கு ஸ்விட்ச் சொல்ற வாட்டை நம்பாதீங்க. மீட்டர் வெச்ச பிடியு (ரேக்ல கரண்டைப் பிரிச்சுக் குடுக்கற பட்டை) போடுங்க.

அகரா_பாக்கெட்:
ஐயா, 18 தான். நாளைக்கே பேசறேன். சப்ளையையும் பாக்கறேன்.

டவர்_காத்தான்:
மொபைல் பக்கத்துல இருந்து ஒரு தகவல். எங்க நெட்வொர்க்ல கரண்ட்ல பெரும்பகுதி டவர்லதான் போகுது, கோர்ல இல்ல. அதனால டிராஃபிக்கைப் பாத்து அணைக்கறது எங்களுக்கு நிஜமாவே பலன் தருது. ராத்திரி கபாசிட்டி கேரியரை (கூட்ட நேரத்துக்கான கூடுதல் அலைவரிசை) அணைச்சுட்டு கவரேஜ் கேரியரை மட்டும் வெச்சுக்கலாம். இன்னும் நுணுக்கமா, அனுப்ப ஒண்ணும் இல்லாத சிம்பல் நேரத்துல (மில்லிசெகண்டுக்கும் குறைஞ்ச துண்டு) பவர் ஆம்ப்ளிஃபயரையே நிறுத்தலாம்.

4ஜில அதுக்கு ஒரு முட்டுக்கட்டை. செல்லுல ஆளே இல்லன்னாலும் ரெஃபரன்ஸ் சிக்னலை ஒவ்வொரு மில்லிசெகண்டும் அனுப்பியே ஆகணும். 5ஜில அதுக்குப் பதிலா இருக்கற சிங்க் பிளாக் (ஃபோன் செல்லைக் கண்டுபிடிக்க உதவற சிக்னல்) வழக்கமா 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, 160 வரைக்கும் நீட்டலாம். நடுவுல நல்லா தூங்கலாம். 3ஜிபிபி (மொபைல் தர அமைப்பு) ரிலீஸ் 18-ல இதுக்குன்னே தனி வேலை நடந்துச்சு. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை ஃபைனல் அன்னிக்கு ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர். அந்த மாதிரி நாளுக்குன்னு வெச்ச கபாசிட்டி மத்த நாள்ல ராத்திரி மூணு மணிக்கு என்ன செய்யும்னு யோசிச்சுப் பாருங்க.

உங்களுக்கு இது எப்படி உதவும்னா: உங்க கேம்பஸ்லயும் டவர் இருக்கு. சீலிங்ல தொங்குது.

நைட்ஷிப்ட்_நோக்:
நானும் அதைத்தான் கேக்க வந்தேன். எத்தனை ஏபி (வைஃபை ஆக்சஸ் பாயின்ட்)? எத்தனை ஐபி ஃபோன்?

அகரா_பாக்கெட்:
ஏபி 210. ஃபோன் 600-க்குப் பக்கம். பாதி ஃபோனை யாரும் தொடறதே இல்ல, தூசி படிஞ்சு கெடக்கு.

இருங்க, பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாவே போற கரண்ட்) ரீடிங் எடுத்துட்டு வர்றேன்.

அகரா_பாக்கெட்:
ஏபி சும்மா இருக்கும்போது சராசரியா 10 வாட், ஃபோன் 4 வாட்.

யுஎஸ் ஷிப்ட் இருக்கற ஃப்ளோர், செக்யூரிட்டி, ரிசப்ஷன் போக 140 ஏபியை பதினொண்ணுல இருந்து ஆறு வரைக்கும் அணைக்கலாம்: 9.8 யூனிட். 500 ஃபோனை ஒம்பதுல இருந்து ஆறு வரைக்கும்: 18 யூனிட். ஒரு ராத்திரிக்கு 28 யூனிட்டுக்குப் பக்கம். என் லிங்க் பிளானுக்கு 0.13.

வருஷத்துக்கு 10,000 யூனிட்டுக்கு மேல வருது. மத்திய மின்சார ஆணையக் கணக்குல யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு போட்டா 7 டன். சனி ஞாயிறு பகலைச் சேத்தா இன்னும் ஏறும். இதுக்கு லைசென்ஸ் எதுவும் வேணாம், ஸ்விட்ச்லயே டைம் ரேஞ்ச் இருக்கு.

தறிகெட்ட_ஃபைபர்:
வெண்டருக்கு பிபிடி நீங்களே அனுப்பிடுங்க.

சிவப்பு_அலாரம்:
நல்ல கணக்கு. ஆனா ஒரு ஆட்சேபம் பதிவு பண்ணிக்கறேன். கார்டு ரீடர், கேமரா, ஃபயர் பேனல் எல்லாம் அதே ஸ்விட்ச்ல பிஓஇல தொங்கும். எவனாவது போர்ட் மாத்திக் குத்தியிருந்தா ராத்திரி பதினொண்ணுக்குக் கதவு திறக்காது. போர்ட் நம்பரை வெச்சு அணைக்காதீங்க. எல்எல்டிபில (டிவைஸ் தான் யாருன்னு ஸ்விட்ச்சுக்குச் சொல்ற முறை) அந்தப் பக்கம் இருக்கறது ஏபியா ஃபோனான்னு பாத்து, அப்படி அடையாளம் தெரியறதை மட்டும் அணைங்க. தெரியாதது எதுவா இருந்தாலும் விட்டுடுங்க.

ஏபி திரும்ப எழுந்து கன்ட்ரோலர்ல (எல்லா ஏபியையும் நடத்தற மெஷின்) சேர சில நிமிஷம் ஆகும். 140-ம் ஒரே நேரத்துல எழுந்தா கன்ட்ரோலர் மூச்சு முட்டும். பில்டிங் பில்டிங்கா பத்து நிமிஷ இடைவெளி விடுங்க.

மல்லேஸ்வரம்_ஆய்வாளர்:
ஃப்ளோரை முழுதாக இருட்டாக்க மனமில்லையென்றால், மூன்றில் ஒரு ஏபியை மட்டும் விழிக்க விடும் முறையும் உண்டு. வேகம் குறையும், ஆனாலும் காவலாளியின் ஃபோனுக்கு சிக்னல் இருக்கும். ஏபியை அணைக்காமல் 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவை மட்டும் நிறுத்தினால் மிச்சம் குறைவு, ஆனால் நொடியில் எழுந்துவிடும். இரண்டையும் ஒரு ஃப்ளோரில் அளந்து பார்த்து எண்களை இங்கே போட்டால் எனக்கும் பயன்படும். ஐஈடிஎஃப்பில் (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) 2024-இல் கிரீன் என்றே ஒரு பணிக்குழு தொடங்கியிருக்கிறார்கள். கருவிகள் தங்கள் மின்செலவை ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று. அந்த அடிப்படையே இன்னும் சரியாகவில்லை என்பதால்தான் யூபிஎஸ் ஐயா பிடியு வாங்கச் சொல்கிறார்.

நைட்ஷிப்ட்_நோக்:
அலாரத்தையும் மறந்துடாதீங்க. பதினொண்ணுக்கு 140 ஏபி டவுன்னு மானிட்டரிங் கத்தினா ஆன்-கால்ல இருக்கறவன் உங்களைச் சும்மா விடமாட்டான். மெயின்டெனன்ஸ் விண்டோ போட்டுடுங்க. ஆனா விண்டோ முடியற 6:40-க்கு எழாத ஏபிக்கு மட்டும் அலாரம் வரணும், அது வேணும்.

அகரா_பாக்கெட்:
லிங்க் ஸ்கிரிப்ட்டைக் கைவிட்டாச்சு. முதல்ல பில்டிங் 2, மூணாவது ஃப்ளோர், ஃபோன் மட்டும். பில்ட் காப்பியை நாலு மணிக்கு மாத்த லேப் மேனேஜர் ஒத்துக்கிட்டாரு, 25ஜி பிஓவை ஒரு மாசம் நிறுத்தி வெச்சிருக்கேன். ஏசியை 24-க்கு ஏத்தலாம்னு சொன்னதுக்கு ஃபெசிலிட்டில இருந்து எழுத்துல கேட்டிருக்காங்க, அந்த ஆஷ்ரே வரம்பைப் போட்டு மெயில் அனுப்பறேன். எல்எல்டிபி லிஸ்ட் எடுத்தப்போ அந்த ஃப்ளோர்ல மட்டும் என்னன்னே தெரியாத டிவைஸ் பதினொண்ணு இருக்கு. அதை எல்லாம் நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன். யாராவது அவசர அழைப்புக்கு ஒதுக்கற ஃபோனை எப்படி லேபிள் பண்றீங்கன்னு சொன்னா உதவியா இருக்கும்.

யூபிஎஸ்_தாத்தா:
செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க தம்பி. ஸ்விட்ச் போர்ட்லயும் ஒட்டுங்க, ஃபோன் மேலயும் ஒட்டுங்க. கான்ஃபிக்ல பேர் வெச்சா போதும்னு நினைக்காதீங்க, கேபிள் மாத்தறவன் கான்ஃபிக்கைப் பாக்க மாட்டான்.